பற்றுச்சீட்டு எங்கே?

திருகோணமலைக் கடைத்தெருவில் வாங்கிய மின்விசிறி இரண்டாம் கிழமையிலேயே நின்றுபோக, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரோடு வாதாடி, வசவு வாங்கி வீடு திரும்பி, சொந்தபந்தம் அனைவரிடமும் முறையிட்டுத் தீர்த்தபின், நான்காம் மாதத்திலே, "இதற்கு ஏதும் கந்தோர் உண்டோ?" என்று விசாரிக்கப் புறப்படுகிறவர்களை நான் ஓயாமற் கண்டுவருகிறேன். உண்டு என்று சொல்லிவிட்டு, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டால், "தெரிஞ்ச கடைதானே ஐயா, துண்டு கேக்கேல்லை" என்கிறார்கள். சட்டம் இருக்கிறது, கந்தோர் இருக்கிறது. கையிலே கடதாசி இல்லை, காலமும் கடந்துவிட்டது.

இவர்களிலே படியாதவர்கள் மாத்திரம் இருந்தால் நான் இவ்வளவு எரிச்சலடையமாட்டேன். உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர்களும், "என்னை ஏமாற்ற முடியுமா?" என்ற கர்வத்தோடு திரிகிறவர்களுமே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். அவர்கள் அடுத்த போயா தினத்து மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் நின்று, கடலிலிருந்து எழும் பூரணச் சந்திரனைப் பார்ப்பார்களாக. தாம்பாளம் போல் விரிந்து தோன்றும் அந்தச் சந்திரனை, கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பார்த்தால், நகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நள்ளிரவில் உச்சிக்கு வந்து சிறுத்துப்போனதாகத் தோன்றும்போது அதே நகத்தை நீட்டினால், அப்போதும் அளவு ஒன்றேதான். உள்ளபடி சொல்லப்போனால் அடிவானத்துச் சந்திரன் நமக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் அதிக தூரத்தில் இருப்பதால், அணுவளவு சிறிதாகவே தெரியவேண்டும். இதையெல்லாம் அறிந்த பின்னும், விரலை எடுத்தவுடன் சந்திரன் மறுபடி பெரிதாகிவிடுகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. மாயையை மாயையென்று அறிவது அதிலிருந்து விடுபடுவதாகாது.

வியாபார விளம்பரமும் இந்தப் பலவீனத்தின் மேலேயே நிற்கிறது. 1974 இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றிலே, 10 அல்லது 65 என்ற இலக்கத்தில் மாத்திரம் நிற்குமாறு செய்யப்பட்ட சக்கரமொன்றைச் சுழற்றிக் காட்டி, ஐக்கிய நாடுகள் சபையிலே ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று கேட்டார்கள். 10 ஐக் கண்டவர்கள் நடுத்தரமாக 25 என்றும், 65 ஐக் கண்டவர்கள் 45 என்றும் மதிப்பிட்டார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைவாசலிலே ஒரு பெரிய விலையைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, அதன் கீழே பாதி விலையை எழுதி, "இன்று மட்டும்" என்று சேர்த்துவிட்டால், வெட்டப்பட்ட விலைக்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்கப்பட்டதா என்று எவர் விசாரிக்கிறார்? ஓரத்திலே எறும்பளவு எழுத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றிருப்பதை எவர் வாசிக்கிறார்?

பெரிய மனிதர் ஒருவர் அருந்திக் காட்டினால் விவேகம் முற்றாகவே அஸ்தமித்துவிடும். 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையிலே, காளியம்மனே அருளிய சூத்திரமென்று சொல்லி, கொரோனாவைத் தீர்ப்பதாக ஒரு பாணியை ஒருவர் விநியோகிக்க, கூட்டம் கூடாதே என்று அரசாங்கம் எச்சரித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நெருங்கி நின்றார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக அதை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று.

ஆகவே, புத்திசாலித்தனத்தை நம்பவேண்டாம், கடதாசியை நம்புங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும் அல்லது வஞ்சிக்கும் நடத்தை எதனையும் வியாபாரிகளுக்கு விலக்கியிருக்கிறது. 13 ஆம் பிரிவின்படி விசாரணை நடத்தி, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு செலுத்தவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால், முறைப்பாடு எழுத்திலே இருக்கவேண்டும்; விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படவேண்டும். மூன்று மாதம். பொருள் பழுதான நாளிலிருந்தல்ல, கடைக்காரர் கையை விரித்த நாளிலிருந்துமல்ல, விற்ற நாளிலிருந்து.

அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்கலாம். அழைத்துப் பேசியதோடு கடமை முடிந்ததென்று வீட்டிலே இருந்துவிடவேண்டாம். நம்மவர் இன்றும் கச்சேரி என்றே சொல்லும் மாவட்டச் செயலகத்துக்குப் போய் அதிகார சபையின் மாவட்டப் பிரிவை விசாரித்து, கடிதத்தை நேரில் கொடுங்கள். கடிதத்திலே உங்கள் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். கடையின் பெயரும் விலாசமும். வாங்கிய தேதி, பொருளின் மாதிரி இலக்கம், கொடுத்த தொகை. விளம்பரம் சொன்னது என்ன, கிடைத்தது என்ன. கடைக்காரரிடம் எப்போது சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். முடிவிலே நீங்கள் கேட்பது மாற்றுப் பொருளா, பணமா, நட்டஈடா என்பது தெளிவாக இருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல், கடைக்காரரின் குணாதிசயங்களை மூன்று பக்கத்துக்கு வர்ணிக்கிறவர்களே அதிகம். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, விளம்பரத் துண்டு ஆகியவற்றின் நிழற்பிரதிகளையே இணையுங்கள்; மூலத்தை எவரிடமும் விட்டுவரவேண்டாம். கடிதத்தின் இரண்டாம் பிரதியிலே தேதியிட்ட முத்திரை பெறாமல் திரும்பவேண்டாம். "பொறுப்பானவர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார், அடுத்த கிழமை வாருங்கள்" என்பது நமது அரச கந்தோர்களின் நித்திய மந்திரம்; அதைக் கேட்டால், அன்றைக்கே கொழும்புத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள், வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியென்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது.

பற்றுச்சீட்டு கேட்பது கடைக்காரரை அவமதிப்பதென்று எண்ணும் மூடத்தனம் முதலில் ஒழியவேண்டும். கேட்டால் கொடுக்கவேண்டியது அவர் மீது சட்டம் சுமத்திய கடமை.

பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டங்களின் கதை வேறு. ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க இலாபம் என்னும் பிரமிட் திட்டங்களை 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்திருக்கிறது, ஒன்மேக்ஸ் டி.டி., எம்.டி.எப்.ஈ. முதலியவற்றை 2023 இல் மத்திய வங்கி பெயர் குறித்தே விலக்கியது. தொடங்கியவர் மாத்திரமல்ல, விளம்பரப்படுத்தியவரும் ஊக்குவித்தவரும் அந்தச் சட்டத்தின் முன் குற்றவாளிகளே என்பதை, மச்சானையும் பெரியம்மாவையும் சேர்த்துவிட்டுத் தரகு வாங்கும் நம் இளைஞர்கள் அறியார்கள். இத்தகைய அழைப்பு வந்தால், பணம் கட்டுவதற்கு முன், திருகோணமலையிலேயே உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்திலோ 1935 என்ற இலக்கத்திலோ கேளுங்கள். கட்டிய பின்னும், வெட்கப்பட்டு மறைக்காமல் பொலிஸ் நிலையத்திலே முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசு விழுந்ததென்று சொல்லி இரகசிய இலக்கம் கேட்டவருக்கு அதைச் சொல்லிவிட்டீர்களானால், முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, உறவினருக்கல்ல. வெளிநாட்டு வேலையென்றால், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் சரிபார்க்காமல் கடவுச்சீட்டைக் கையளிக்கவேண்டாம்.

வீட்டிலே பழுதாகிக் கிடக்கும் பொருளின் பற்றுச்சீட்டை இன்றைக்கே தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிராவிட்டால், வருகிற திங்கட்கிழமை காலையில் கச்சேரிக்குப் புறப்படுங்கள்.