வெட்கப்பட்ட ஓநாய்!

‘‘அத்தான்... ஹாலந்துல ஓநாய் நாய்னு ஒண்ணு இருக்காமே! விலை விசாரிச்சுட்டு வாங்க. வாசல்ல கட்டிட்டா ஒரு பய உள்ளே வரமாட்டான்!’’

ஆபீஸ் வேலையாக நான் நெதர்லாந்து கிளம்பியபோது மச்சினன் கொடுத்த ஆர்டர் இது.

அங்கே என் ஆபீஸ் நண்பர் வீட்டிலேயே அந்த ஜாதி நாய் ஒன்று இருந்தது. சார்லூஸ் என்று இனத்தின் பெயர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிடப் போகிறேனா, சாப்பாடாகப் போகிறேனா என்ற கவலையோடு போனேன்.

கதவு திறந்தது. சாம்பல் நிறம், நீளக் கால், மஞ்சள் கண்... அசல் ஓநாய்! என்னைப் பார்த்தது. அடுத்த நொடி எடுத்ததே ஓட்டம். நானில்லை சார், அது! சோபாவுக்குப் பின்னால் பதுங்கியதுதான். இரண்டு மணி நேரம் மூக்கு நுனி மட்டுமே தரிசனம். ஒரு குரைப்பு? ம்ஹூம்!

‘‘கூப்பிடாதீங்க, கையை நீட்டாதீங்க. தோணும்போது அதுவா வரும்’’ என்றார் நண்பர்.

பிறகு கதை சொன்னார். 1930-களில் லேண்டர்ட் சார்லூஸ் என்ற டச்சுக்காரர் ஜெர்மன் ஷெப்பர்டையும் ஒரு பெண் ஓநாயையும் இணை சேர்த்தார். வேலைக்கு உதவும் நாய்களைத் திடமானதாக்க வேண்டும் என்று ஆசை. பிறந்ததோ சங்கோஜி! காட்டு ஓநாய்க்கு மனிதன் என்றாலே பயம். புதுசாக எதைக் கண்டாலும் விலகிப் போகும். வீரத்தை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது அந்த உஷார்தான். அவர் 1969-ல் இறந்தார். 1975-ல் இனத்துக்கு அங்கீகாரம் கிடைத்தபோது அவர் பெயரையே சூட்டினார்கள்.

‘‘அப்போ பரம சாதுன்னு சொல்லுங்க!’’

நண்பர் முகம் மாறிவிட்டது. ‘‘பயந்தவனை மூலையில மடக்கினா கடிப்பான். நாங்க இதுக்கு ரெண்டாவது வீடு. முன்னாடி வெச்சிருந்தவர் தினம் தனியா பூட்டிட்டு வேலைக்குப் போவார். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தம். மூணு வருஷமாச்சு... சாவிக்கொத்து சத்தம் கேட்டா இன்னிக்கும் நடுங்குது.’’

ஓநாய் கூட்டமாக வாழ்கிற பிராணி. அதன் ரத்தம் தனிமையைத் தாங்காது. குட்டியிலேயே மனிதர்களையும் சத்தங்களையும் பழக்க வேண்டும். உயரமான வேலி, தினமும் நீண்ட நடை, துணைக்கு இன்னொரு நாய் எல்லாம் வேண்டும். அடித்துப் பணிய வைக்கலாம் என்று நினைத்தால் இருக்கிற நம்பிக்கையும் போகும். நண்பரும் மனைவியும் முறை வைத்து வீட்டில் இருக்கிறார்கள்!

கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு! ஒரே ஒரு மோப்பம். திரும்பினால், ஆளைக் காணோம்.

ராத்திரி மச்சினனுக்குப் போன் போட்டேன்.

‘‘விலை என்ன அத்தான்?’’

‘‘உன் வேலையை விடணும். அதான் விலை.’’

‘‘அய்யய்யோ! சரி, திருடன் வந்தா என்ன பண்ணும்?’’

‘‘உனக்கு முன்னாடி கட்டிலுக்கு அடியில போயிடும். உனக்கு இடம் இருக்காது!’’