பழுதும் புதுத் தேவையும்

ஓலைத்தொடுவாய் போன்றதொரு கடலோரக் கிராமத்துப் பாடசாலைக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்கிறது. மற்றொன்று, பிள்ளைகளுக்கு இசைக்கூடம் வேண்டும் என்கிறது. முன்னது பழுது, பின்னது புதுத் தேவை. இரண்டையும் ஒரே கட்டில் போட்டு வைத்தால் கூரை ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

திறந்த மூல மென்பொருள்களிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். குறைகளையும் விருப்பங்களையும் பதிவதற்கெனப் பொதுப் பதிவேடும் இருக்கும். நம் நாட்டிலே, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், தொண்டர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு அது உதவிற்று. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கப் பணிக்கும் சென்றது. நாடு மாறினால் தேவையும் மாறுமன்றோ?

வேண்டுகோள்கள் பெருகுகின்றன, செய்து கொடுப்போரோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர்கள். 2016 ஜனவரியில், மூலநிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்துக்குப் பராமரிப்பாளர் பலர் பகிரங்க மடல் எழுதினர். ‘எனக்கும் வேண்டும்’ என்னும் வெற்று வரிகளே ஏட்டை நிரப்புகின்றன, தேவையான விவரங்களோ வருவதில்லை என்பது அவர்களது முறைப்பாடு. பெப்ரவரியில் விவரங் கேட்கும் படிவமும், மார்ச்சில் சொல்லின்றி ஆதரவு காட்டும் குறியும் வந்தன.

குறிகளை எண்ணி வரிசைப்படுத்துவது எளிது. ஆயினும் எண்ணிக்கை ஒன்றையே நம்பினால் நம்போன்றோர் பின்னே தள்ளப்படுவோம். ‘கொ’ என்னும் நம் எழுத்து யுனிகோட்டில் இரு குறியீடுகளாக அமைகிறது. ஒரு செயலி அதனை நடுவே பிளந்து காட்டினால் நமக்கு அது பழுது. தமிழை நினைத்தே பாராத ஆக்குநருக்கோ அது புதுத் தேவை. அதற்குக் குறியிடுவோரும் சிலரே. ஆகையால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதோடு, எந்த வேலை தடைப்படுகிறது என்பதையும் நல்ல பராமரிப்பாளர் விசாரிப்பார்.

எல்லாவற்றுக்கும் இசைய இயலாது. சேர்க்கும் ஒவ்வொரு வசதியையும் பிறகு பேணவும் வேண்டுமே. மௌனத்தைவிடக் காரணங் கூறிய மறுப்பே மேல் என்பேன். பைதன் நிரல்மொழியில் 2000ஆம் ஆண்டு முதல் பெரிய மாற்றங்களுக்கு முன்மொழிவு எழுதும் முறை உள்ளது. மறுக்கப்பட்டவையும் அங்கே அழிக்கப்படுவதில்லை. அடுத்து வருபவர் படித்துப் பார்த்த பின், புதிய நியாயம் இருந்தால் மட்டும் மீண்டும் கேட்கலாம்.