குறட்டைக்கு நடுவே நின்றுபோகும் மூச்சு

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. நியூயார்க் நகரை நோக்கி வந்துகொண்டிருந்த மெட்ரோ-நார்த் பயணிகள் ரயில், பிராங்ஸ் பகுதியில் ஒரு வளைவில் தடம் புரண்டது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய அந்த வளைவுக்குள் ரயில் 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்திருந்தது. 4 பேர் இறந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, செல்போனையும் தொடவில்லை. இருக்கையிலேயே அவர் தூங்கிப்போயிருந்தார்.

விபத்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் அவருக்குத் தீவிரமான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், இருப்பது தெரிந்தது. உடல் பருமன், குறட்டை, பகல் அசதி என்று அடையாளங்கள் முன்பே இருந்தன. ஆனாலும் அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களோ, நிறுவனத்தின் உடல்தகுதிச் சோதனையோ இந்த நோய் இருக்குமா என்று பார்க்கவே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை இதைத்தான் சுட்டிக்காட்டியது.

இந்தியாவில் பலர் இந்த நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டது 2022 பிப்ரவரியில், இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது. 69 வயதான அவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்ததை மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர்? டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் பல இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உழைக்கும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. அவர்களில் 4.7 கோடிப் பேருக்கு அது மிதமான நிலையையோ தீவிர நிலையையோ எட்டியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. வீட்டில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால், ‘அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறார்’ என்று நிம்மதியடைவதே நம் வழக்கம்.

இரவில் நடப்பது என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மென்சதையும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். ஆபத்தை உணரும் மூளை, தூக்கத்தைக் கலைத்துத் தொண்டையைத் திறக்கும். பெரும் செருமலோடு மூச்சு திரும்பும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது கேட்கும். நோயாளிக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது.

இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை நிகழ்வுகள் என்பதே ‘ஏஎச்ஐ’ எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-ஐத் தாண்டினால் தீவிரமானது. ஏஎச்ஐ 30 உள்ளவர் 7 மணி நேரம் தூங்கினால், அந்த ஓர் இரவில் 210 முறை அவருடைய மூச்சு தடைபட்டிருக்கும்.

பகலில் இதன் விலை தெரியும். காலைத் தலைவலி, வறண்ட வாய், மறதி, எரிச்சல், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவது எல்லாம் வரும். மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதயத்துடிப்புச் சீர்கேடு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

‘ஸ்டாப்-பேங்’ என்ற எளிய கேள்விப் பட்டியலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், பருமன், 50-ஐத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண் பாலினம் என்று எட்டு அம்சங்கள். மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தப் பட்டியலில் சிக்காதவர்களும் உண்டு. தாடை அமைப்பு காரணமாக ஒல்லியானவர்களுக்கும் இது வரும். ஆசியர்களிடம் இப்படி வருவது கூடுதலாகவே காணப்படுகிறது. பெண்களிடம் குறட்டையைவிடத் தூக்கமின்மை, தலைவலி, ஓயாத அசதி முந்திக்கொண்டு தெரியும். அதனால் அவர்களுடைய நோய் மனச்சோர்வு என்றோ ரத்தசோகை என்றோ ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது.

குழந்தைகளின் கதை வேறு. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, வியர்த்துப் புரள்வது, படுக்கையை நனைக்கும் வழக்கம் நின்ற பிறகும் மீண்டும் நனைப்பது, வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுப்பது ஆகியவை அறிகுறிகள். வீங்கிய டான்சிலும் அடினாய்டுமே பெரும்பாலும் காரணம். குறும்பு என்று பள்ளியில் தண்டனை வாங்கும் குழந்தையை, ஒரு முறை காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுவது பெற்றோரின் கடமை.

ஓர் இரவுப் பரிசோதனை

நெஞ்சக நோய் மருத்துவர், காது-மூக்கு-தொண்டை மருத்துவர், தூக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆகியோரில் ஒருவரை அணுகலாம். இரவில் நடப்பதைச் சொல்லக்கூடிய வாழ்க்கைத்துணையையும் அழைத்துப்போவது நல்லது. குறட்டை நின்று திணறும் காட்சியைச் செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து காட்டினால் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முழுமையான ‘ஸ்லீப் ஸ்டடி’ ஆய்வகத்தில் நடக்கும். தலையில் மூளை அலைகளைப் பதியும் சென்சார்கள், மூக்கருகே காற்றோட்டத்தை அளக்கும் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் கிளிப். ஊசி கிடையாது, வலியும் கிடையாது. சென்சார் ஒட்ட வேண்டும் என்பதால் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். நெயில் பாலிஷ் கூடாது. அன்று மதியத் தூக்கமும் மாலைக் காபியும் தவிர்க்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டிலேயே செய்யும் சிறிய பரிசோதனையும் உண்டு. செலவு குறைவு, சொந்தப் படுக்கையில் தூங்கலாம். ஆனால் இவற்றில் பல, மூளை அலைகளைப் பதிவதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால், நோயின் அளவு குறைத்துக் காட்டப்படலாம். அறிகுறிகள் தெளிவாக இருந்தும் வீட்டுப் பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், ஆய்வகப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஆய்வகம்தான் சரி. ஸ்மார்ட் வாட்ச் தரும் எச்சரிக்கை மருத்துவரிடம் போகச் சொல்லும் சைகை மட்டுமே. அதை வைத்து நோயை உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாது.

பரிசோதனை இரவின் முடிவில் கிடைக்கும் எழுத்துபூர்வ அறிக்கையே அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஏஎச்ஐ எண் என்ன, ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியது, மல்லாந்து படுக்கும்போது மட்டும் கூடுகிறதா, அடைப்பால் வருவதா அல்லது மூளையின் சைகைக் குறைவால் வருவதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சிகிச்சை இதைப் பொறுத்தே மாறும். காப்பீட்டு நிறுவனமும் நுகர்வோர் ஆணையமும் கேட்கும் முதல் காகிதமும் இதுதான்.

சிகிச்சைகளும் அவற்றின் எல்லையும்

1980 வரை தீவிர நோயாளிகளுக்கு இருந்த முக்கிய வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைப்பதுதான். அந்த ஆண்டு சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாக மென்மையான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் முறையை ஒரு நோயாளியிடம் முயன்று வெற்றி கண்டார். ‘சிபாப்’ மெஷின் பிறந்த கதை இது. மிதமான, தீவிர நிலைகளுக்கு இன்றும் முதல் சிகிச்சை இதுவே.

முதல் வாரம் சங்கடமாக இருக்கும். மாஸ்க் பொருந்தாமல் காற்று கசியும், மூக்கு வறளும். மாஸ்கின் அளவையும் வகையையும் மாற்றுவது, ஈரப்பதமூட்டியைச் சேர்ப்பது, அழுத்தத்தை மெல்லக் கூட்டும் வசதியைப் பயன்படுத்துவது என்று தீர்வுகள் இருக்கின்றன. பலர் இவற்றைக் கேட்காமலே மெஷினைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இதய, ரத்தநாள நோய் உள்ள 2,717 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ‘சேவ்’ ஆய்வில், சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. அந்த ஆய்வில் நோயாளிகள் மெஷினைப் பயன்படுத்தியது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். தூங்கும் நேரம் முழுவதும் அணிவதையே மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

லேசான, மிதமான நிலைகளில், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல்-கருவி உதவும். அதைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருபவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய மாற்றம் தரும். இரவில் மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். எடை குறைப்பதன் பலனும் அளந்து பார்க்கப்பட்டதுதான்: உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏஎச்ஐ சுமார் கால் பங்கு குறைவதாக அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டியது. பருமனோடு கூடிய மிதமான, தீவிர நோய்க்கு டிர்செபடைட் ஊசிமருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. டான்சில், மூக்கு, தாடை அறுவை சிகிச்சைகள் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கே பொருந்தும். குறட்டைச் சத்தம் நின்றதாலேயே நோய் தீர்ந்ததாகக் கொள்ளாமல், அறுவைக்குப் பிறகு மீண்டும் ஸ்லீப் ஸ்டடி செய்வது அவசியம்.

ஓட்டுநர்களுக்கு

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இதை மறைக்கும் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் உண்டு. பிரிட்டனில் பகல் தூக்கத்தோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவை ஓட்டுநர் உரிம அமைப்பிடம் தெரிவிப்பது கட்டாயம். சிகிச்சையால் அறிகுறிகள் கட்டுக்குள் வந்ததும் மீண்டும் ஓட்டலாம். பரிசோதனைக்கு முன்பே கண் சொருகத் தொடங்கினால் ஸ்டியரிங்கை விட்டு இறங்குவதே பாதுகாப்பு. ஏசி, பாட்டு, டீ எதுவும் அந்தத் தூக்கத்தை வெல்லாது. வண்டியிலேயே தூங்குபவர்கள், 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் இணைப்புள்ள சிபாப் மெஷின்களைக் கேட்டு வாங்கலாம்.

பணமும் காப்பீடும்

பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவை வழக்கமான மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. வெளிநோயாளர் செலவுக்கான பிரிவு பாலிசியில் இருக்கிறதா, வீட்டில் பயன்படுத்தும் மெஷினுக்கு இடமுண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் திட்டங்களில் சிபாப் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. ஸ்லீப் ஸ்டடி அறிக்கையும் முன் அனுமதியும் தேவைப்படும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எடைக் குறைப்பு அறுவையைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கும் பொது விதிக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விலக்கு இருக்கிறது. பிஎம்ஐ (உடல் நிறை எண்) 35-ஓ அதற்கு மேலோ ஆகி, தீவிர ஸ்லீப் ஆப்னியாவும் இருந்து, மற்ற முறைகள் பலனளிக்காதபோது மருத்துவர் பரிந்துரைத்தால், அந்த அறுவையை ஒரேயடியாக ஒதுக்க முடியாது.

புதிய பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்கக் கூடாது. 2024 விதிகளின்படி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து 5 ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் தவிர, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்க முடியாது. மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். அங்கே தீராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

மெஷின் வாங்கும் முன்னும் பின்னும்

பரிசோதனை செய்த இடத்திலேயே மெஷினை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் கிடையாது. மருந்தையும் பரிசோதனையையும் எங்கே பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை, தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம் குறிப்பிடுகிறது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி. பழைய மெஷினை அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்குவதில் ஆபத்து உண்டு. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக்குள் போகக்கூடும் என்று தன் மெஷின்கள் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆகவே மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் சரிபார்க்காமல் எதையும் முகத்தில் மாட்டக் கூடாது. பில், உத்தரவாத அட்டை, மருத்துவர் எழுதிய அழுத்த அளவு மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கருவியால் உடல்நலக் கேடு ஏற்பட்டால், இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். பழுதான கருவி, தவறான விற்பனை, பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு ஆகியவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. தீராவிட்டால், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தானே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது.

வேறு எந்த அறுவைக்குப் போனாலும், மயக்க மருந்து நிபுணரிடம் ஸ்லீப் ஆப்னியா இருப்பதை முன்பே சொல்லி, அறிக்கையின் நகலைக் காட்டி, சொந்த மெஷினையும் மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டும். மயக்க மருந்தும் வலி நிவாரணிகளும் தொண்டையைத் தளர்த்தும் என்பதால், அறுவைக்குப் பிந்தைய முதல் இரவுகளில் கூடுதல் கண்காணிப்பைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.