ஒரு குற்றம், இரு சட்டங்கள்

ஆள் கடத்தல் எங்கும் பெருங்குற்றமே. ஆயினும் அமெரிக்காவில், வழக்குத் தொடர்வது மாநிலமா, கூட்டரசா என்னும் கேள்வியே முதலில் எழுகின்றது. காரணத்தைக் காண்போம்.

1932 மார்ச்சில் விமானி லின்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தை நியூ ஜெர்சி இல்லத்திலிருந்து கடத்தப்பட்டு உயிரிழந்தது. அவ்வாண்டு ஜூனில், கடத்தப்பட்டவரை மாநில எல்லை தாண்டிக் கொண்டு செல்வதைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் பிறந்தது.

ஒரு மாநிலத்திற்குள்ளேயே நிகழும் கடத்தலுக்குப் பெரும்பாலும் அம்மாநிலச் சட்டமே பொருந்தும். தண்டனை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். கூட்டரசுச் சட்டத்திலோ ஆயுட்காலச் சிறை வரை விதிக்கலாம். உயிர்ப்பலி நேரின் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை. உறவினரல்லாத பெரியவர் 18 வயதுக்குட்பட்டவரைக் கடத்தினால் குறைந்தது 20 ஆண்டுச் சிறை.

ஒரே செயலுக்கு இரு அரசுகளும் தனித்தனியே வழக்குத் தொடரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் மீண்டும் உறுதி செய்தது. எல்லைக்கோடு குற்றவாளிக்குப் புகலிடமன்று என்பதை நாம் இதனால் அறிகிறோம்.