கடுகோடு கலக்கும் நஞ்சு: பிரமதண்டை அடையாளம் காணுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் காலி மனை, ஏரிக்கரை, சாலையோரம் என எங்கு பார்த்தாலும், மழைக்காலம் முடிந்ததும் மஞ்சள் பூவோடு ஒரு முட்செடி தலைகாட்டும். பிரமதண்டு, குடியோட்டிப்பூண்டு என்று அழைக்கப்படும் இது, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து இங்கே பரவிய செடி. இதன் விதை கடுகைப் போலவே இருப்பதுதான் ஆபத்து.

எப்படி அறிவது?

இலை நீலம் கலந்த பச்சை, நரம்புகள் வெளுத்திருக்கும், விளிம்பெங்கும் முள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். காயிலும் முள் இருக்கும். கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெள்ளை.

என்ன ஆபத்து?

விதை எண்ணெயில் உள்ள சாங்குயினரின் என்ற நச்சு இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரு கால்களிலும் வீக்கம், தோல் சிவத்தல், மூச்சுத்திணறல் ஆகியவை வரும். கண் அழுத்த நோயும் வரலாம். இதயம் செயலிழந்தால் உயிரே போகும். 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகு எண்ணெயில் சமைக்கும் ஒரே வீட்டில் பலருக்குக் கால் வீங்கினால் அந்த எண்ணெயை உடனே நிறுத்துங்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள், எண்ணெயைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.

உங்கள் உரிமை என்ன?

எண்ணெயில் கலந்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கடுகு எண்ணெயைச் சில்லறையாக அளந்து வாங்காதீர்கள்; 14 இலக்க உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள், ரசீதையும் கேளுங்கள். ஐயம் இருந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுங்கள்.

தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களே கடுகு எண்ணெயில் அதிகம் சமைக்கிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இந்தச் செடியைக் கண்டால், காய் வெடிக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள்.