மனிதச் சுவடும் மோப்பநாயும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் குளிர்காலத்தில் நடக்கும் ஒரு வேட்டையில் துரத்தப்படுவது நரியோ முயலோ அல்ல, மனிதன். ஓடப் பழகிய ஒருவர் வயல், பற்றை, ஓடை எல்லாம் கடந்து சில கிலோமீற்றர் ஓடுவார். சற்று நேரம் கழித்து பிளட்ஹவுண்ட் என்ற மோப்பநாய் இனத்து நாய்களை அவிழ்த்து விடுவார்கள். குதிரைக்காரர் பின்னால் போவார்கள். நாய்கள் ஆளைக் கண்டுபிடித்தால் கடிப்பதில்லை. மேலே தாவி நக்கும், கொடுக்கிற தீனியைத் தின்னும். இதற்குச் 'சுத்தமான சப்பாத்து' வேட்டை என்று பெயர். சப்பாத்தில் சோம்பெண்ணெய் போன்ற எதையும் பூசாமல் ஆளின் சொந்த மணத்தை மட்டுமே நாய் பின்தொடர்வதால் வந்த பெயர் அது. நரி வேட்டையைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேட்டையைத் தடுக்கவில்லை.

1888 ஒக்டோபரில், 'ஜாக் த ரிப்பர்' கொலைகளால் லண்டன் நடுங்கிக் கொண்டிருந்தபோது, பர்னபி, பர்கோ என்ற இரு பிளட்ஹவுண்டுகளைப் பொலிஸாரும் இதே முறையில் ஹைட் பூங்காவில் சோதித்துப் பார்த்தனர். அப்போது துரத்தப்படும் ஆளாக ஓடியவர்களில் பொலிஸ் ஆணையாளர் சார்ள்ஸ் வொரனும் ஒருவர்.

ஓடுகிறவர் எதை விட்டுச் செல்கிறார்? தோலின் செத்த கலங்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றோடு ஒட்டிய வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் பக்றீரியாக்கள் சிதைக்கும்போது ஆளுக்காள் வேறுபடும் மணம் எழுகிறது. மிதிபட்ட புல்லும் கிளறுபட்ட மண்ணும் தமக்கென்று ஒரு மணத்தைச் சேர்க்கின்றன. 2011இல் வெளியான செக் நாட்டு ஆய்வொன்றில், ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே உணவை உண்ட ஒத்த இரட்டையரைக்கூடப் பழக்கப்பட்ட ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள் பிரித்தறிந்தன.

மனித மூக்கில் மணமுணரும் கலங்கள் ஏறத்தாழ 50 இலட்சம். பிளட்ஹவுண்டுக்கு 30 கோடி வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் நாயின் திறமை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அது வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியே போய்விடுவதால் முன்னால் கிடக்கும் மணம் கலைவதில்லை.

இதைவிட வியப்பானது, ஆள் எந்தப் பக்கம் போனார் என்பதை நாய் அறியும் விதம். 1993இல் நோர்வே ஆய்வாளர்கள் நாய்களின் தலையில் ஒலிவாங்கி பொருத்தி, தடத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து விட்டார்கள். நாய்கள் நொடிக்கு ஆறு தடவை மோந்தன. இரண்டு முதல் ஐந்து அடிச்சுவடுகளை மோந்ததும் மூன்று முதல் ஐந்து நொடிக்குள் திசையைத் தீர்மானித்தன. ஒரு சுவட்டுக்கும் அடுத்த சுவட்டுக்கும் இடையே வயது வித்தியாசம் ஏறத்தாழ ஒரு நொடிதான். அந்தச் சிறு வித்தியாசம் நாய்க்குப் போதும்.

ஆயினும் தடம் அழியக்கூடியது. இலங்கையின் வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் சூடேறிய வெளிநிலத்தில் மணம் விரைவாக ஆவியாகும்; காற்று அதை ஒதுக்கிக்கொண்டு போவதால் நாய் காலடிக்குச் சில மீற்றர் தள்ளியே ஓடும். பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காட்டின் நிழலில் அதே மணம் அதிக நேரம் தங்கும். மாரி மழை கொட்டினால் கழுவிவிடும். பனி இறங்கிய, காற்றில்லாத விடியற்காலையே நாய்க்கு வாய்ப்பான நேரம்.

வன்னியில் நாயின் மூக்கு இதைவிடக் கடினமான வேலையையும் செய்திருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த நிலத்தில் வெற்றுத் தோட்டாக்களும் எறிகணைச் சிதறல்களும் நிறைந்திருந்ததால் உலோகமறியும் கருவி அடிக்கடி ஒலித்தது. மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' போன்ற மிதிவெடிகளிலோ உலோகம் மிகக் குறைவு. நாய்க்கு உலோகம் பொருட்டல்ல. வெடிமருந்திலிருந்து கசிந்து மண்ணில் ஊறிய மணத்தை அது தேடுகிறது. கண்டால் தொடாமல் உட்கார்ந்துவிடும். பிறகு மனிதர் மண்ணை மெல்ல விலக்கிப் பார்ப்பார். இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவு இப்படிப்பட்ட நாய்களை வைத்திருந்தது. ஓடுகிறவரின் தடம் விரைவில் மங்கிப்போகும். மிதிவெடியின் மணமோ ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் கசிந்துகொண்டே இருக்கும்.

களவோ கொலையோ நடந்தால் பொலிஸ் மோப்பநாய் வரும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அது வருவதற்குள் ஊரே திரண்டு வந்து அந்த இடத்தை மிதித்து முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. நூறு பேரின் மணத்துக்குள் ஒருவரின் தடத்தைத் தேட விடுவது நாய்க்கும் நியாயமில்லை, பாதிக்கப்பட்ட வீட்டுக்கும் நியாயமில்லை. வயதானவரோ பிள்ளையோ காட்டுக்குள் வழிதவறிப் போனால், அவர் கடைசியாக நின்ற இடத்துக்குள் எவரையும் போக விடாதீர்கள். அவர் உடுத்திக் கழற்றிய உடுப்பு ஒன்றைக் கையால் தொடாமல் புதிய பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்து, நாயோடு வருகிறவரிடம் கொடுங்கள்.