குற்றம் பிரௌசரிலா, சர்வரிலா?

வலைக்குப் பின்னே – 14

தாயில்பட்டியில் இன்றைக்கு ஒரு பட்டாசு ஆலையை நடத்த மருந்தும் திரியும் காகிதக் குழாயும் மட்டும் போதாது. உரிமம் தொடர்பான மனுக்கள், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோவின் இணையதளத்துக்குப் போகின்றன. லாரியில் லோடு ஏறினால் இ-வே பில் எடுக்க வேண்டும். தொழிலாளியின் பி.எஃப். கணக்கு, ஈ.எஸ்.ஐ. பதிவு, நல வாரிய அட்டை எல்லாமே திரையில்தான். தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போட நினைப்பவரும் இ-சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்கிறார். இந்தப் படிவங்களில் எதுவும் ஒரே பக்கத்தில் முடிவதில்லை. பெயர், ஆதார், வரைபடம், ரசீது என்று பக்கம் பக்கமாக நிரப்பிக் கட்டணமும் கட்டியபின் ‘உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்’ என்று வந்து நின்றால், வேலையை விட்டுவிட்டு வந்தவரின் அன்றைய கூலி போச்சு. அப்போது பிரௌசிங் சென்டரில் கிடைக்கும் யோசனை இரண்டுதான்: ‘குக்கிய அழிச்சுட்டுத் திரும்பப் போடுங்க’, ‘வேற பிரௌசர்ல போட்டுப் பாருங்க’. இந்த யோசனைகள் பல நேரம் பலிக்கவும் செய்கின்றன. பலிப்பதாலேயே, கோளாறு உட்கார்ந்திருப்பவருடைய கம்ப்யூட்டரில்தான் என்ற எண்ணம் ஊன்றிப் போகிறது. அந்த எண்ணம் தவறு. குக்கியில் பிரௌசருக்கும் சர்வருக்கும் ஒத்துவராமல் போகும்போது, அதைச் சரிசெய்யும் கடமை பெரும்பாலும் சர்வரை நடத்துபவருடையது. பொதுச் சேவைத் தளங்களில் அந்தக் கடமை இன்னும் கூடுதல்.

குக்கி செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். இணையதளத்தைக் கேட்டுவாங்கும் ஹெச்.டி.டி.பி. முறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் புது ஆள் கேட்பதுபோலவே சர்வர் பார்க்கும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் பதில் அனுப்பும்போது ஒரு சிறு குறிப்பைச் சேர்த்து அனுப்பும். பிரௌசர் அதை வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது திருப்பிக் காட்டும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டைப் போல: சீட்டில் இருப்பது எண் மட்டுமே, விவரமெல்லாம் உள்ளே பதிவேட்டில். சீட்டு தொலைந்தால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். இந்தச் சீட்டுக்கு 1997-இலும் 2000-இலும் விதிமுறை எழுதினார்கள். நடைமுறை அந்த விதிகளின் வழியில் போகவில்லை. கடைசியில் 2011 ஏப்ரலில் ஆடம் பார்த் தொகுத்த ஆர்.எஃப்.சி. 6265 என்ற ஆவணம், உலகில் உண்மையில் நடப்பது என்னவோ அதையே விதியாக எழுதியது. அந்த ஆவணத்தின் அமைப்பே என் வாதத்துக்கு முதல் சாட்சி. அதன் நான்காம் பகுதி சர்வருக்கு உரியது: குக்கியை இந்த வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஐந்தாம் பகுதி பிரௌசருக்கு உரியது: ஒழுங்கற்ற குக்கி வந்தாலும் எப்படிப் புரிந்துகொள்வது என்று விரிவாகச் சொல்கிறது. ஒழுங்காக அனுப்புவது சர்வரின் பொறுப்பு, பொறுத்துக்கொள்வது பிரௌசரின் பொறுப்பு. பொறுப்புப் பட்டியலில் பயனாளிக்கு வேலையே கொடுக்கப்படவில்லை.

கட்டணம் கட்டும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். துறையின் தளத்தில் உள்நுழைந்ததும் ஒரு செஷன் குக்கி கிடைக்கிறது. ‘பணம் செலுத்து’ என்றதும் பிரௌசர் வங்கியின் பக்கத்துக்குப் போகிறது. ஓ.டி.பி. போட்டு முடித்தபின், வங்கியோ பேமென்ட் கேட்வேயோ விவரங்களை ‘போஸ்ட்’ என்ற முறையில் துறையின் தளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-இலிருந்து கூகுள் ஒரு புதிய விதியைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேறு தளத்திலிருந்து வரும்போது உடன் போகலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ குறிப்பு இல்லாத குக்கியை ‘லாக்ஸ்’ வகையாகவே எடுத்துக்கொள்வது அந்த விதி. லாக்ஸ் குக்கி, வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் வரும்போது கூடவே போகாது. ஆகவே வங்கியிலிருந்து திரும்பும் ஆள் சீட்டில்லாமல் வந்து நிற்கிறார். பணம் கழிந்துவிட்டது; ஆள் யாரென்று சர்வருக்குத் தெரியவில்லை. இந்த இடையூறு வரும் என்று தெரிந்தே குரோம் ஒரு சலுகை வைத்தது: குறிப்பில்லாத குக்கி உருவாகி இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், போஸ்ட் முறையிலும் போகலாம். இந்த இரண்டு நிமிடத்தில்தான் பெரிய குழப்பமே ஒளிந்திருக்கிறது. அலுவலகத்தில் தளத்தைச் சோதிப்பவர் பழகிய கையோடு மளமளவென்று நிரப்பி, சோதனைக் கட்டணத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் கட்டிவிட முடியும். அவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்கேன் செய்து, சான்று தேடி, ஓ.டி.பி.க்குக் காத்திருந்து கட்டுபவருக்கு மட்டும் அறுந்துபோகும். இந்த லாக்ஸ் விதியை எல்லா பிரௌசரும் ஏற்கவில்லை. ஃபயர்பாக்ஸ் அதைப் பரவலாக்கவில்லை, சஃபாரியும் அப்படியே. ‘வேற பிரௌசர்ல போட்டுப் பாருங்க’ என்ற யோசனை பலிக்கும் ரகசியம் இதுதான். பிரௌசரை மாற்றினால் விதி மாறுகிறது. சர்வரின் குறை அப்படியே இருக்கிறது.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. பணம் வந்ததா என்பதை பரிவர்த்தனை எண்ணை வைத்து சர்வர் நேரடியாகக் கேட்வேயிடமே கேட்டு உறுதிசெய்யலாம். பிறகு பயனாளியை ஒரு சாதாரணக் கோரிக்கையாகத் தன் பக்கத்துக்கே திருப்பிவிட்டால், லாக்ஸ் குக்கி தானாகக் கூட வரும். அல்லது குக்கியில் ‘சேம்சைட்: நன்’ என்றும் ‘செக்யூர்’ என்றும் வெளிப்படையாக எழுதலாம். ஆனால் இரண்டாவது வழியில் பழைய பிரௌசர்கள் இடறும். குரோம் 51 முதல் 66 வரையிலான பதிப்புகள் ‘நன்’ என்று எழுதிய குக்கியை ஏற்காமல் எறிந்துவிடும். ஒரு காலத்தில் இந்தியச் செல்போன்களில் குரோமோடு போட்டியிட்ட யூ.சி. பிரௌசரும் 12.13.2-க்கு முந்தைய பதிப்புகளில் அப்படித்தான். 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஐ.ஓ.எஸ். 12-இல் உள்ள சஃபாரி இன்னும் மோசம்: எங்கிருந்து வந்தாலும் போகலாம் எனும் ‘நன்’ என்பதை, வேறு தளத்திலிருந்து வந்தால் போகவே கூடாது எனும் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று நேர் எதிராகப் புரிந்துகொள்ளும். இதற்கும் மருந்து உண்டு. ஒரே எண்ணை இரண்டு பெயரில், ஒன்றில் ‘நன்’ குறிப்போடும் மற்றொன்றில் குறிப்பில்லாமலும் அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது முதலாவதைத் தேடி, இல்லையென்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த பிரௌசர், எந்தப் பதிப்பு என்று சர்வர் துருவ வேண்டியதே இல்லை. இந்த மருந்துகள் எல்லாம் சர்வரில்தான் போட முடியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எத்தனை முறை குக்கியை அழித்தாலும் இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

முகவரியின் எல்லை இன்னொரு சிக்கல். ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில் தளமும் இரண்டுமே ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிகின்றன. பார்ப்பவருக்கு அது ஒரே அரசு. பிரௌசருக்கு அப்படியில்லை. ‘ஜிஓவி டாட் இன்’ என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொது ஈறு என்று எல்லா பிரௌசரும் பின்பற்றும் பட்டியலில் இருக்கிறது. அதனால் அந்த இரண்டும் இரு வேறு தளங்கள். ஒன்றின் குக்கி மற்றொன்றுக்குப் போகாது. ‘ஜிஓவி டாட் இன்’ முழுமைக்கும் என்று ஒரு சர்வர் குக்கி அனுப்பினால் பிரௌசர் சத்தமில்லாமல் மறுத்துவிடும். தமிழக அரசின் ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ நிலைமை இதற்கு மறுதலை. அதன் கீழே இருக்கும் இ-சேவை, நல வாரியத் தளங்கள் எல்லாம் பிரௌசர் கணக்கில் ஒரே குடும்பம். ஒரு துறை கவனமில்லாமல் தன் குக்கியைக் குடும்பம் முழுமைக்கும் பொதுவாக அனுப்பி, இன்னொரு துறையும் அதே பெயரில் குக்கி வைத்தால், இரண்டும் சேர்ந்தே போகும். பிரௌசர் திருப்பி அனுப்பும் வரியில் பெயரும் மதிப்பும் மட்டுமே இருக்கும். யார் கொடுத்தது, எந்தப் பக்கத்துக்கு உரியது என்பது இருக்காது. சர்வர் தவறானதை எடுத்துக்கொண்டால் செஷன் முடிந்தது. குக்கியை அழித்தால் சரியாகும் கோளாறுகளில் ஒரு வகை இது. அழிக்கும்போது இரண்டும் போய்விடுவதால் அப்போதைக்குச் சரியாகும். மறுபடி இரு தளத்துக்கும் போனால் திரும்ப வரும். நோய் அப்படியே இருக்கிறது.

‘பழைய போனையும் பழைய விண்டோஸையும் வைத்துக்கொண்டு ஏன் அரற்ற வேண்டும், புதுப்பித்துக்கொள்ளக் கூடாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பு நோக்கில் நியாயமான கேள்விதான். ஆனால் புதுப்பிப்பு பயனாளியின் விருப்பத்தில் மட்டும் இல்லை. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 வைத்திருப்பவர் ஐ.ஓ.எஸ். 12-ஐத் தாண்ட முடியாது. அந்த ஐபோன்களில் வேறு பிரௌசர் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எந்திரமே என்பதால், மாற்றிப் பார்க்கும் வழியும் அங்கே அடைபட்டது. விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. புதிய கருவி வாங்கினால்தான் நல வாரிய அட்டை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தளத்துக்கும் உரிமை இல்லை.

‘விதியை மாற்றியது பிரௌசர் நிறுவனங்கள், அவர்களைக் கேட்காமல் அரசு சர்வரைக் குறைசொல்வதேன்’ என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை. லாக்ஸ் விதி நல்ல காரணத்துக்காகவே வந்தது. ஒரு தளத்தில் உள்நுழைந்திருப்பவரின் பெயரில் இன்னொரு தளம் திருட்டுத்தனமாக ஆணை அனுப்புவதை அது தடுக்கிறது. ஆனாலும் அது உடைக்கும் என்பதை கூகுளே ஒப்புக்கொண்டது. கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், வங்கி, மளிகை, அரசுச் சேவை, மருத்துவம் போன்ற அத்தியாவசியத் தளங்கள் நிலையாக இயங்க வேண்டும் என்று சொல்லி அந்த மாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, ஜூலையில்தான் மறுபடி தொடங்கியது. இந்த மாற்றம் மாதக்கணக்கில் முன்னறிவிக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அறிவிப்பைப் படித்துத் தயாராகக் கூடியவர் சர்வரை நடத்துபவர் மட்டுமே. சாட்சியமும் அவரிடம்தான் இருக்கிறது: எந்தப் பதிப்பிலிருந்து வந்தவர்கள் எந்தப் படியில் சீட்டில்லாமல் நின்றார்கள் என்பது சர்வரின் பதிவில் வரி வரியாகக் கிடக்கிறது. வரிசையில் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் ‘செஷன் முடிந்துவிட்டது’ என்ற ஒரே வாசகம்.

‘நேரம் கடந்தால் வெளியேற்றுவது பாதுகாப்புக்குத்தானே’ என்றும் சொல்வார்கள். சரிதான், பொதுக் கம்ப்யூட்டரில் அது தேவை. ஆனால் நேரம் கடந்து வெளியேற்றுவதும், குக்கி திரும்பாமல் வெளியேறுவதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டும் தளம், தன் பிழையைப் பயனாளியின் தாமதம் என்று அவர் தலையிலேயே கட்டுகிறது.

கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும்: குக்கி வந்ததா, தங்கியதா, திரும்பியதா? கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘செட்-குக்கி’ வரியைப் பார்த்தால் வந்தது தெரியும். ‘அப்ளிகேஷன்’ பகுதியில் தங்கியது தெரியும். வங்கியிலிருந்து திரும்பிய கோரிக்கையில் ‘குக்கி’ வரி இருக்கிறதா என்று பார்த்தால் திரும்பியது தெரியும். மறுக்கப்பட்ட குக்கிக்கு என்ன காரணம் என்பதையும் குரோம் அங்கேயே காட்டும். சென்டர் நடத்துபவர்கள் இதைப் பழகிக்கொண்டு, பிரௌசர் பதிப்பு, நேரம், அறுந்த படி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றோடு புகார் கொடுத்தால், ‘சர்வர் பிஸி’ என்ற பதிலோடு அனுப்பிவிட முடியாது. துறைகளும் தளத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து கையேற்கும் முன், பழைய போனில், பத்து நிமிடம் நிதானமாக நிரப்பி, உண்மையான கட்டணம் கட்டித் திரும்பும் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் தேறாத தளத்தை மக்களுக்குத் திறந்துவிடக் கூடாது. ஆன்லைனில்தான் வர வேண்டும் என்று ஆணையிட்ட அரசுக்கு, வந்தவரைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பும் அந்த ஆணையோடு சேர்ந்தே வருகிறது.

(அடுத்த வாரம்: டிஜிட்டல் கையெழுத்தும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும்)